ஆறு – மூன்று

ஸ்கோர் தாளில் அவனுக்கு எண் ஆறு.
எனக்கு மூன்று.
உருண்டு வரும் பந்தை அவன் அள்ளி எறிந்து
நான் பேஸில் கால் வைத்துப் பிடித்தால்
6–3 என்று பென்சிலில் எழுதுவார்கள்.
பேர் எழுத அந்தக் கட்டத்தில் இடம் கிடையாது.

வாலிநோக்கம் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால்
உப்பளத்தை ஒட்டின பொட்டல்.
மூன்று பேஸும் உப்பு அடைத்த உரச்சாக்கு;
ஐப்பசியில் இரண்டாவது பேஸ் கரைந்து
வெறும் சாக்காகக் கிடக்கும்.
ஹோம் பிளேட், ஐஸ்பெட்டி மூடி.
மூக்கையூரிலிருந்து பஸ் படியில் தொங்கிக்கொண்டு
வந்து குதிப்பான் கிளாட்வின்,
பஸ் நிற்பதற்கு முன்னால்.

தரை முழுக்கச் சிப்பி.
பந்து எந்தச் சிப்பியில் தட்டி
யார் பல்லைக் கேட்கும் என்று தெரியாது.
என் முன்பல் ஒன்று அப்படித்தான் போச்சு.
அவனுக்கு மட்டும் தெரியும் என்று ஊரில் சொல்வார்கள்.
பொய். அவனுக்கும் தெரியாது.
கையைத் தளர விட்டிருப்பான், அவ்வளவுதான்.
பள்ளிக்கு வந்தது ஆறு கிளவுஸ், ஆள் ஒன்பது பேர்.
அவன் அம்மா பாசி எடுக்கப் போகையில்
விரலில் சுற்றும் துணி
அவன் விரலிலும் இருக்கும்.

ஆடிக் கச்சான் எழும்பினால்
எறிந்த பந்து கிழக்கே ஒரு முழம் தள்ளும்.
ஆகவே எனக்கு ஒரு முழம் மேற்கே எறிவான்.
என்னைப் பார்த்து அவன் எறிந்ததே இல்லை.
காற்று அதை வாங்கிக்கொண்டு வந்து
என் நெஞ்சுக்கு நேரே கொடுக்கும்.
கணக்கில் முப்பத்தைந்து தாண்டாதவன்.

பரமக்குடியில் மாவட்டம் ஜெயித்தோம்.
திண்டுக்கல்லில் மாநிலம், அரையிறுதியில் தோற்றோம்.
ஜெயித்தால் பிரியாணி என்றிருந்த பி.டி. சார்
புளியோதரைப் பொட்டலம் வாங்கி வந்தார்.
அந்த ஒரு மேட்சில் பதினோரு 6–3.
இடது கை வீங்கி, வலது கையால் தின்றேன்.
வலது கையால்தான் எப்போதும் தின்பது, சும்மா சொன்னேன்.

டெல்லித் தேர்வுக்கு
என்னையும் இழுத்துக்கொண்டு போனான்:
"எவன் எவனோ விட்ருவான்டா ஜாபரு, நீ நில்லு."
நின்றேன். ஒன்றையும் விடவில்லை.
வேகம் அளக்கும் கருவியோடு வந்த இரண்டு பேர்
எறிந்தவனைக் குறித்துக்கொண்டார்கள்.
திரும்பும் ரயிலில் லோயர் பெர்த்தை எனக்குக் கொடுத்தான்.
வாங்கிக்கொண்டேன்.

அமெரிக்காவில் இந்த ஆட்டத்துக்குப் பல படிகளாம்.
அவன் நிற்பது ஆகக் கீழ்ப்படி.
ஒரு அறையில் ஐந்து பேர்,
ஒன்பது மணி நேர பஸ், ரொட்டி, அவரைக்கொட்டை.
மூன்றாம் எண்ணில் ஆறரை அடி டொமினிக்கன் பையன்.
அங்கே ராத்திரி ஆட்டம் தொடங்கையில்
இங்கே நான் ஐஸ் கம்பெனியில்
படகுகளுக்குப் பார் ஏற்றிக்கொண்டிருப்பேன்,
சட்டைப்பையில் பாலிதீன் சுற்றின போன்.

முதல் ஆட்டம், இரண்டாவது இன்னிங்ஸ்.
திரையில் E6 என்று வந்தது.
பிழை, ஆறாம் எண்.
எவ்வளவு தள்ளிப் போச்சு என்று கேட்டு அனுப்பினேன்.
ஒரு முழம் என்றான்.
அங்க காத்து இல்லையாடா?
இல்லடா. சுத்திச் சுவரு.

பயந்துவிட்டான் என்று கோச் நினைத்திருப்பார்.
நான்கு ஆட்டம் பெஞ்சில் உட்காரவைத்தார்.
இல்லாத கச்சானுக்கு எறிந்தான் என்பதை
எந்த மொழியில் சொல்லுவான் அவன்?

ஐந்தாவது ஆட்டத்தில் 6–3.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
மூன்று அப்படியேதான் இருந்தது,
அதே கட்டத்தில், அதே வளைவோடு.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.

மறுநாள் எழுதியிருந்தான்:
தரை பாய் விரிச்ச மாதிரி இருக்குடா.
ஒரு பந்துகூடத் துள்ள மாட்டேங்குது.

பதில் அடிக்க முடியாமல் கை ஈரம்.
நாக்கு தானாகப் போய்
பல் இருந்த இடத்தைத் தொட்டுவிட்டு வந்தது.