மூன்று கிலோ அறுநூறு

இஹ்ஸான் இரண்டையும் திறந்து
கண்ணாடி மேசையில் வைத்தான்.
ஒன்று கறுப்பு.
எழுத்துகளுக்கு அடியில் சிவப்பும் ஊதாவும்
ஓடிக்கொண்டிருந்தன, கலியாணப் பந்தல் மாதிரி.
மற்றது சாம்பல் நிறம்.
இரண்டு அப்பியாசக் கொப்பியை
அடுக்கி வைத்த தடிப்பு, அவ்வளவுதான்.

"உங்கட வேலைக்கு இதுதான் மிஸ்" என்று
மெலிந்ததை என் பக்கம் தள்ளினான்.

என் வேலை அவனுக்குத் தெரியும்.
புல்மோட்டை பஸ்ஸில் நின்றபடி போய்
இறக்கக்கண்டிப் பாலத்தடியில் இறங்கி
வாடி வாடியாய் ஏறி
எத்தனை தோணி, என்ன மீன், எத்தனை கிலோ
என்று கேட்டு அடிப்பது.
கரவலை இழுக்கிறவர்கள்
கையிலே கயிறோடு பதில் சொல்வார்கள்.
அங்கே மடி கிடையாது, மேசையும் கிடையாது.
ஒரு கையில் தாங்கி மறுகையால் தட்ட வேண்டும்.
அதற்கு இதுதான். சரி.

என் இரவு அவனுக்குத் தெரியாது.
பத்து மணிக்கு மேல் என் பெயர் கும்பளா.
பனிமலையில் கார் ஓட்டுகிறேன்.
துவக்குச் சத்தம் உள்ள விளையாட்டுகள் வேண்டாம்.
காசு கொடுத்து அதைக் காதில் போட்டுக்கொள்ள
இந்த ஊரில் பிறந்த எனக்கு மனமில்லை.
கார் போதும்.
லைசன்ஸ் இல்லை, சைக்கிள் மட்டும் தெரியும்,
பனியைத் தொட்டது ஐஸ்பெட்டியில்.
ஆனாலும் அந்த வளைவுகளில்
எப்போது பிரேக்கை விட வேண்டுமென்று
என் விரலுக்குத் தெரியும்.
பழைய மெஷினில் ஐந்தாவது வளைவு வந்தால்
படம் அப்படியே உறைந்துபோகும்.
மணிலாவிலிருந்து ஒருத்தி கேட்பாள்:
கும்பளா, செத்துப்போனாயா?

"கறுப்பு எவ்வளவு பாரம்?"
பெட்டியைப் பார்த்து இரண்டு தசம் எட்டு என்றான்.
"சார்ஜரோட?"
பெட்டி அதைச் சொல்லவில்லை.

பக்கத்தில் பியதிலகவின் கருவாட்டுக் கடை.
தட்டில் கிடந்த கட்டாவை ஒதுக்கி
பேப்பர் விரித்து
கறுப்பை வைத்தோம், மேலே செங்கல் மாதிரிச் சார்ஜர்.
மூன்று கிலோ அறுநூறு.
கடைப் பெடியன் பழக்கதோஷத்தில்
பலகையில் சோக்கால் எழுதிவிட்டான்.
"சீலா எண்டால் பத்தாயிரம் தாண்டும்" என்றார் பியதிலக.
பிறகு சாம்பல் நிறம்.
ஒன்று நூற்றிநாற்பது.
"இது நெத்தலி!"

மூன்று பேரும் சிரித்தார்கள். நானும்.
சிரித்துக்கொண்டே தோளை ஒருமுறை உருட்டிப் பார்த்தேன்.

திணைக்களக் கடன் படிவத்தில்
நோக்கம் என்று ஒரு கட்டம்.
அதில் பனி என்று எழுத முடியாது.
அலுவலகக் கடமை என்று முன்னமே எழுதியிருந்தேன்.
முப்பத்தாறு மாதம் சம்பளத்தில் வெட்டுவார்கள்.
பகலுக்காக முப்பத்தாறு மாதமா?
பகலுக்கு ஏற்கெனவே
செருப்பு வாங்குகிறேன், குடை வாங்குகிறேன்,
பஸ் சீசன் எடுக்கிறேன்.

"கறுப்பைக் கட்டுங்கோ."
"மிஸ், வேலைக்குக் கொண்டுபோக ஏலாது."
"கொண்டுபோக மாட்டன்."

உவர்மலை ஏற்றத்தில் இரண்டு இடத்தில் நின்றேன்.
கச்சான் காற்று முகத்தில் சுட்டது.
பெட்டியை மதிலோரம் இறக்கி மூச்சு வாங்கியபோது
ஒரு மான் வந்து
அட்டையின் மூலையை முகர்ந்து, கடித்து,
பிடிக்காமல் போனது.
கருவாட்டு மணமாக இருக்கும்.

இப்போது வாடிகளில் பென்சிலும் கொப்பியும்.
நனைந்தாலும் பென்சில் அழிவதில்லை.
எட்டு மணிக்கு உட்கார்ந்து
எல்லாத் தோணியையும் ஏற்றி முடித்து
பத்துக்கு முன் கையைக் கழுவிவிடுவேன்.
அது இரையத் தொடங்கினால்
காற்று நாளில் தகரக் கூரை மாதிரி.
அறையே சூடாகிறது.
வியர்க்க வியர்க்கப் பனியில் போகிறேன்.
ஐந்தாவது வளைவு தாண்டியாகிவிட்டது.
ஒன்பதாவதில் உருண்டேன், அது என் பிழை.

நேற்று பியதிலகவின் கடையைக் கடந்தேன்.
பலகையில் கட்டாவுக்கும் சாளைக்கும் நடுவில்
3.600 இன்னும் இருக்கிறது.
என்ன மீனென்று எழுதவில்லை.
விலையும் போடவில்லை.