மைல் கணக்கு

எனக்கு வேலை பியூட் நகருக்கு வெளியே
நெடுஞ்சாலை எடைமேடையில்.
மரம் ஏற்றிய லாரி, மாடு ஏற்றிய லாரி.
முள் நின்ற இடத்தை எழுதுவேன், கூட்டாமல் குறைக்காமல்.
அந்தப் பழக்கத்தை நம்பித்தான்
நீதிபதி முன் கையுயர்த்தினேன்:
டெக்லன் ஓர்ட்மன், வயது ஒன்பது,
அவனுக்காகப் பார்ப்பேன், கேட்பேன், எழுதித் தருவேன்.
சம்பளம் கிடையாது.

பதினோரு மாதத்தில் நான்கு வீடு,
மூன்று பள்ளி, இரண்டு வக்கீல்.
மாறாமல் வருவது என் துருப்பிடித்த சுபாரு.
ஏறியதும் எட்டி, மைல் காட்டும் எண்ணைப் பார்ப்பான்,
புறங்கையில் பேனாவால் குறித்துக்கொள்வான்.
ஏனென்று கேட்டதில்லை.
அறிக்கையில் அதற்கொரு கட்டமும் இல்லை.

இன்று வழக்கு மறுபடி தள்ளிப்போனது.
அவன் அம்மா வரவில்லை.
அவள் நாற்காலியில் யாரோ ஈரக் கோட்டைப் போட்டிருந்தார்கள்.
இதைச் சொல்லத்தான் போனேன்.
பள்ளி வாசலில், பனியில்,
கையுறை இல்லாமல் நின்றான்.

ஏறினான். எட்டிப் பார்த்தான்.
தினமும் மேலெழுதி மேலெழுதி
ஒரு வாரம் காப்பாற்றிய எண்ணோடு
உதடசைத்துக் கழித்தான்.
"இருநூத்திப் பதினாறு மைல்.
நான் இல்லாம எங்கே போனீங்க?"

வேலைக்கு. கடைக்கு. கோர்ட்டுக்கு.
அப்புறம் டில்லனுக்கு, உன் தங்கையைப் பார்க்க.

"பல்லு விழுந்துடுச்சா?"
ஒண்ணு. கீழ்ப்பல்.
"இடதா, வலதா?"

கண்ணை மூடி அந்தச் சிறிய வாயை
நினைவில் திருப்பிப் பார்த்தேன்.
தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.
இடது.

அதையும் கையில் எழுதிக்கொண்டான்.
அம்மாவைப் பற்றி அவன் கேட்கவில்லை.
வைப்பரைப் போட்டேன்.