டாப்பெட் சத்தம்

சுன்னாகத்துப் பழைய இரும்புக் கடைக்காரன்
என் லான்ட்மாஸ்டரைத் தராசில் ஏற்றித்தான் விற்றான்.
நூற்றுத் தொண்ணூற்றாறு கிலோ.
அப்பியிருந்த சேற்றுக்கும் சேர்த்துக் காசு கேட்டான்.
கொடுத்தேன்.
கூட்டுறவுச் சங்கத்தில் இருபத்தாறு வருசம்
மற்றவர்களின் மண்ணெண்ணெய்க்குப்
பற்றுச்சீட்டு எழுதிய கை இது.
எனக்கென்று ஒரு எஞ்சின் இருந்ததில்லை.

லொறிக்காரன் ஒழுங்கை முகப்பில் இறக்கிவிட்டுப் போனான்.
டயர் இரண்டும் இல்லை, மழை வேறு.
பக்கத்துக் காணி அருளம்பலம்
கேட்காமலே மாடுகளைப் பூட்டிக்கொண்டு வந்தார்.
மயிலை தலையைக் குனிந்து இழுத்தது.
செங்காரி மட்டும் ஒருமுறை நின்று
தான் இழுப்பது என்னவென்று திரும்பிப் பார்த்தது.

அவர் தோட்டத்தில் எஞ்சின் இல்லை.
தண்ணீர் துலாவில், உழவு மாட்டில்.
விரதமும் இல்லை, வேதமும் இல்லை.
பஸ்ஸில் போவார்.
நாரி பிடித்தபோது ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் போனார்.
வேலிக்கு உள்ளே மட்டும் கூடாது.
மூத்தவன் வாங்கிய மோட்டார்சைக்கிள்
என் மாமரத்தின் கீழேதான் படுக்கும்.
அங்கே நிறுத்திவிட்டு
நல்ல பிள்ளையாய் வீட்டுக்கு நடந்துபோவான்.
கஞ்சன் என்றது ஊர். விசர் என்றது சந்தை.
பாத்தி கட்டுகிற மண்வெட்டியை
அவர் நிமிர்த்தியதே இல்லை, பதில் சொல்ல.

கார்புரேட்டருக்குள் குளவி
மண்ணால் வீடு கட்டியிருந்தது.
பிஸ்டன் இறுகிப்போய்க் கிடந்தது.
தேங்காய் எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்து ஊற்றி
ஒன்பது நாள் விட்டேன்.
பத்தாம் நாள் பலகைத் துண்டை வைத்துத் தட்ட
ஒரு நெல்லளவு அசைந்தது.
அன்று நான் சமைக்கவில்லை.
பாணும் வாழைப்பழமும் தின்றுகொண்டு
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மக்னெட்டோ சுற்றக் கொடிகாமத்தில் ஆள் கிடைத்தார்.
பூச்சுத்தான் பிடிபடவில்லை,
சுரண்டச் சுரண்ட வேறு வேறு நிறம்.

யோகம்மா வேலிப் பொட்டால் வெங்காயத்தாள் நீட்டியபோது
கேட்டுவிட்டேன், ஏன் என்று.
"இவருக்கு இளையவர் புகையிலைக்கு
இறைச்சுக்கொண்டு நிண்டவர்.
மிசின் இரைச்சல். மேல வந்தது கேக்கேல்லை.
நாங்கள் பங்கருக்குள்ள.
கூப்பிட்டனாங்கள்.
அதுவும் கேக்கேல்லை."
தாளில் ஒட்டியிருந்த செம்பாட்டு மண்ணை
விரலால் வழித்துவிட்டாள்.
"வாடவிடாமல் இண்டைக்கே சுண்டுங்கோ."

பதினொரு நாள் சாக்கால் மூடி வைத்தேன்.
பன்னிரண்டாம் நாள் பொட்டடியில் அருளம்பலம்:
"என்ன மனேச்சரம்மா, நிப்பாட்டிப் போட்டியள்?"
நான் எதையோ சொன்னேன், நட்டுக் கிடைக்கவில்லை என்று.
அவர் மாட்டின் கழுத்தைச் சொறிந்தபடி,
"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு
நான் திருநெல்வேலிச் சந்தைக்குப் போயிடுவன்" என்றார்.
நான் கேட்காத ஒன்றுக்கு
நேரம் குறித்துத் தந்துவிட்டுப் போனார்.

வெள்ளி, பத்தேகால்.
ஊசிக் குழாயால் நாலு துளி பெட்ரோல்,
மிச்சத்துக்கு மண்ணெண்ணெய்.
கயிற்றைச் சுற்றி இழுத்தேன்.
பதினான்கு தரம் இருமியது.
பதினைந்தாவதில் பிடித்துக்கொண்டது.
வடலிக்குள்ளிருந்து காகங்கள் கிளம்பின.
தகரக் கொட்டில் ஆடியது. நானும் ஆடினேன்,
என்னையறியாமல் சிரித்துக்கொண்டு.

திரும்பினால்
பொட்டடியில் அவர்.
சைக்கிளில் கட்டிய வெங்காயச் சாக்கு
கட்டியபடியே இருந்தது.
முகம் மேலே.
வானத்தில் ஒன்றுமில்லை,
கிளம்பிய காகங்கள் தவிர.

நிறுத்தினேன்.
எஞ்சின் நின்ற பிறகும்
கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டு நின்றார்.
பிறகு சொன்னார்:
"டாப்பெட் லூஸ்.
டிக் டிக் எண்டு அடிக்குது.
கேக்கேல்லையோ?"

எனக்குக் கேட்கவில்லை என்றேன்.

சைக்கிளைக் கிளுவையோடு சாத்தினார்.
"இன்னொருக்கா இழுங்கோ."

இழுத்தேன்.
காதை எஞ்சினுக்குக் கொடுத்தார்,
கண்ணை மேலேயே வைத்துக்கொண்டு.