தொண்ணூற்றேழு

புயலுக்கு ஆரஞ்சு எச்சரிக்கை. சென்-பியேரில்
ரொட்டி தீர்ந்துவிட்டது, மெழுகுவர்த்தி தீர்ந்துவிட்டது,
எல்லோரும் ஓடுகிறார்கள்.
என் தூரிகைக்கு மட்டும் அவசரமில்லை.

பேனா பலகையின் வலக்கரையைத் தொட்டு நிற்கிறது.
கோடு இன்னும் நடுவழியில் வந்துகொண்டிருக்கிறது,
செருப்பு அறுந்தவனைப் போல.

சனிக்கிழமைக்குள் ஒரு கடல் தரவேண்டும்
வனிலாத் தயிர்க் கிண்ணத்தின் மூடிக்கு.
ஆறு சென்டிமீட்டர் கடல்.
அதற்குச் சுவரளவு திரையை விரித்திருந்தேன்.
சரி, என் தப்பு. பாதியாக்கினேன்.
பிறகு அதிலும் பாதி.
கோடு வந்தது,
அதே நடையில்.

அடுக்குகளை எண்ணினேன்: நூற்றுப் பதினொன்று.
முப்பதில் ஒன்றுமே இல்லை.
ஒன்றின் பெயர் 'கடைசி', அதன் மேலே 'நிஜமான கடைசி',
அதற்கும் மேலே 'தயவுசெய்து'.
நுரையை நுரையோடு, நீலத்தை நீலத்தோடு ஒட்டினேன்.
உலாவியில் பத்தொன்பது தாவல்கள்,
பதினான்கு புயலின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தன.
மூடினேன்.
நினைவகத்தில் கூடுதல் பங்கு கொடுத்தேன்.
பேனாவின் இயக்கியைக் கழற்றி மறுபடி மாட்டினேன்.
தூரிகையை ஐந்நூறிலிருந்து ஐம்பதுக்கு இளைக்க வைத்தேன்.
வரட்டும் பார்க்கலாம் என்று ஒரு வட்டம் சுழித்தேன்.
வட்டம் முடிந்து நான் காப்பி ஊற்றித் திரும்பியபோது
அது தன் வாலைத் தேடிக்கொண்டிருந்தது.

போன வாரம்தான் வாங்கினேன், பலகையும் மடிக்கணினியும் சேர்த்து
நானூறு யூரோ, மேலே லெ தாம்போனில்,
லுதோவிக் சினிமலே என்பவரிடம்.
பச்சை குத்தும் கடை. கதவில் 'மூடப்பட்டது',
சுவரில் அவர் குத்திய டிராகன்களின் படங்கள்,
செதில் செதிலாக, ஒரு செதிலும் பிசகாமல்.
பணத்தை எண்ணவில்லை. பெட்டியைத் தூக்கித் தரவுமில்லை,
மேசைமேல் என் பக்கமாகத் தள்ளினார்.
திமிர் என்று நினைத்தேன்.
இப்போது நினைத்தேன்: ஏமாற்றிவிட்டான்.

மதியம் எச்சரிக்கை சிவப்பானது.
இனி வெளியே கால் வைக்கக் கூடாது.
வேறு வழியில்லாமல் தூரிகையின் அமைப்புக்குள் இறங்கினேன்,
அளவு, அழுத்தம், இடைவெளி, சாய்வு என்று
படிப்படியாக, அடித்தளம் வரை.
அங்கே நான் ஒருநாளும் திறக்காத ஒரு மடிப்பு:
நடுக்கம் நீக்கல்.
கை சொன்னதை உடனே நம்பாமல்
எது கை, எது நடுக்கம் என்று பொறுத்திருந்து பிரித்து
அப்புறமே கோடாக்கும் ஏற்பாடு.
நூறு வரை போகும் பட்டை.
முள் தொண்ணூற்றேழில் நின்றது.

'இது உங்களுடையதா?' என்று செய்தி அனுப்பினேன்.
குரலில் பதில் வந்தது, பின்னால் தகரம் அடித்துக்கொள்ளும் சத்தத்தோடு:
"அட, அதை மறந்துட்டேன். மன்னிச்சுக்கோ.
முதல்ல இருபதுல வச்சேன். கொஞ்ச நாள் ஓடுச்சு.
அப்புறம் அம்பது.
ஊசியில அப்படி ஒரு பட்டை கிடையாதே.
சும்மா சைபர்ல வை. உன் கை நல்லாத்தானே இருக்கு?"

சைபரில் வைத்தேன்.
கோடு பேனாவின் நுனியிலேயே பிறந்தது.
ஆனால் மூன்று காப்பி, இரண்டு இரவு,
ஜன்னல் பலகை ஒவ்வொரு முறை அதிரும்போதும்
என் அலை ரம்பப் பல்லாக வந்தது.
தயிர்க்காரருக்கு வழுவழுப்பான கடல்தான் வேண்டும்.
யாரும் பார்க்கவில்லை.
ஒன்பதுக்கு நகர்த்தினேன்.

'நல்லாத்தான் இருக்கு' என்று அவருக்குத் தட்டினேன்,
எதைச் சொல்கிறேன் என்று எழுதவில்லை.

நாலரைக்கு மின்சாரம் போனது.
மடிக்கணினி மின்கலத்துக்கு மாறி, சிக்கனம் பிடித்து,
திரையை மங்கலாக்கிக்கொண்டது.
கரையோரம் கடைசி நுரையை இழுத்தேன்.
பேனா போய்ச் சேர்ந்தது.
கோடு பின்னால் வந்துகொண்டிருந்தது.
இந்தத் தடவை காரணம் தெரியும்,
பேனாவை எடுக்காமல் நின்றேன்.