கேபிளைக் கழற்றிய பிறகு

பலகைமேல் ஒரு தீப்பெட்டியை வைத்து
பென்சிலால் சுற்றி வரைந்தேன்.
இதைத் தாண்டக் கூடாது.
பணகுடியில், காற்றாடி இறக்கையின் வேர்ப்பக்கம்
அதிர்வைக் கேட்டபடி கிடக்கப்போகும் கருவிக்கு
வாய் செய்து தரும் வேலை எனக்கு.

இரண்டு கிகாஹெர்ட்ஸில் கால் அலை
மூன்றே முக்கால் சென்டிமீட்டர்.
நீளமாய் நிற்க இடமில்லாத செம்பை
நெளித்தேன், நுனியை விரித்தேன்,
அடித்தளத்தில் ஒரு பள்ளம் வெட்டி
அகலத்தைக் கடன் கேட்டேன்.
கருப்பட்டிக் காப்பி நிறத் திரவத்திலிருந்து
முப்பிடாதி இடுக்கியால் தூக்கிக் காட்டினாள்:
"நெளிவு பூரா வந்துட்டு மேடம்,
ஒரு மூலைதான் கொஞ்சம் அரிச்சிட்டு."

அரித்த மூலை எதையும் கெடுக்கவில்லை.
திரையில் கோடு
மைனஸ் பத்துக்குக் கீழே இறங்கி
இரண்டு முதல் ஆறு வரை
குளத்து உள்வாய்போல் பரந்து கிடந்தது.
கேபிளைத் தொட்டால் மட்டும் லேசாக நடுங்கியது.
தொடாமல் படம் எடுத்தேன்.

பணகுடி. ஆடி.
கோபுரத்தடியில் பேட்டரியோடு அதை வைத்துவிட்டு
ரிசீவரைத் தூக்கிக்கொண்டு நடந்தோம்.
முந்நூறு மீட்டர் என்றது என் கணக்கு.
நாலாவது பனைக்கு முன்பே செத்தது.
"காத்து அடிச்சிட்டுப் போயிட்டோ?" என்றார்
பராமரிப்புக்கு வந்திருந்த ஞானதிரவியம்.
ரேடியோ அலைக்குக் காற்று ஒரு பொருட்டில்லை
என்று சொல்ல வாயைத் திறந்தேன்;
வாய் நிறைய மண்.

வள்ளியூர் தாண்டி, நாங்குநேரி தாண்டி
மூன்றடைப்பில் பஸ் நின்றபோது
அந்த நடுக்கம் ஞாபகம் வந்தது.
ஒரு மீட்டர் கேபிள்!
ஆய்வகத்தில் பேசியதெல்லாம் அதுதான்.
என் தீப்பெட்டி அதன் மடியில் உட்கார்ந்து
உதடு மட்டும் அசைத்திருக்கிறது.

மறுநாள் கேபிளுக்கு ஃபெரைட் வளையங்களை
வரிசையாக மாட்டினேன்.
இரண்டிலிருந்து மூன்று வரை
கோடு மேட்டில் ஏறி நின்றுகொண்டது.
கூப்பிட்டாலும் இறங்கவில்லை.

சின்னதாக இரு, அகலமாக இரு, உரக்கவும் பேசு:
மூன்றையும் ஒரே செம்பிடம் கேட்கிறோம்.
இயற்பியல் பேரத்துக்கு வராது.
பாளை மார்க்கெட் மீன்காரியாவது
ஒரு கை சாளை கூடப் போடுவாள்.

மூன்று வாரம். பதினேழு பலகை.
அடித்தளத்தின் ஓரத்தை மடக்கி நீட்டியதில்
கோடு இரண்டே கால் வரை திரும்பி வந்தது,
அதற்குக் கீழே வரவே இல்லை.
பிறகுதான் கேட்டேன்,
இரண்டு என்று எழுதியது யார்?
யாருக்கும் தெரியவில்லை.
இரண்டு புள்ளி நாலுக்குக் கீழே
கருவிக்கு ஒரு வேலையும் இல்லை.

மறுபடி பணகுடி.
இம்முறை ஞானதிரவியம் நடக்கிறார்.
நான் கோபுரத்தடியில்,
கருவியை விட்டுப் பத்தடி தள்ளி.
இந்த உடம்பும் ஒரு கேபிள்தான்,
கிட்ட நின்றால் கூடச் சேர்ந்து பேசும்.
ஆறாவது பனை. ஒன்பதாவது.
மோட்டார் ரூமைத் தாண்டி
உடைமரங்களுக்குள் அவர் சட்டை சின்னதாகிறது.
ஏதோ கத்துகிறார்,
காற்று அதைத் திசையன்விளைப் பக்கம்
கொண்டுபோகிறது.
பிறகு ஒரு கையைத் தூக்குகிறார்.

வருகிறது என்கிறாரா,
நின்றுவிட்டது என்கிறாரா,
இங்கிருந்து தெரியவில்லை.