முப்பத்தோராம் கேள்வி

குதாய்சியில் பிப்ரவரி.
தேர்வறை வாசலில்
கைப்பேசி, கடிகாரம், கல்யாண மோதிரம்கூட
பிளாஸ்டிக் பையில் போட்டு வாங்கிக்கொண்டார்கள்.
"தெரிந்ததையும் அங்கேயே கழற்றி வை"
என்றிருந்தது க்வான்ட்சாவின் நோட்டில்.
இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறியவள்;
இப்போது அயர்லாந்தில் இரவு நர்ஸ்.
நோட்டைச் சும்மா தரவில்லை,
இரண்டு கிலோ தேன் வாங்கிக்கொண்டாள்.

கேள்வியை முதலில் படி. பத்தி எங்கும் ஓடிப்போகாது.
பெயர், வருடம், எண்: பென்சிலால் ஆணியடி.
தெரியாத சொல்லா? பல்லிடுக்கு நாரைப் போல்
நாவால் துழாவிக்கொண்டிருக்காதே, மேலே போ.
விடை அதே சட்டையில் வராது.
கேள்வியில் 'மலிவு' என்றால்
பத்தியில் 'பலருக்கும் கட்டுப்படியாகும்'.
துணியை விடு, முகத்தைப் பார்.
'எப்போதும்', 'மட்டுமே' இரண்டும்
குடித்துவிட்டு வந்த சாட்சிகள்.

முதல் பத்தி ரயில் பாதை.
இரண்டாவது, யாரோ செய்த நாற்காலிகள்.
மூன்றாவதைத் திருப்பினேன்:
தேனீ.

சிரித்துவிட்டேன். கண்காணிப்பாளர் நிமிர்ந்தார்.
த்கிபுலிச் சரிவில் எனக்குப் பதினான்கு பெட்டி இருக்கிறது ஐயா
என்றா அவரிடம் சொல்வது?

முப்பத்தொன்று:
குளிர்காலம் முழுவதும் தேனீக்கள் தூங்குகின்றன.
சரி. தவறு. சொல்லப்படவில்லை.

தூங்குவதில்லை.
ஜனவரி ராத்திரி பெட்டியில் காதை வைத்தால்
அடுத்த வீட்டில் தண்ணீர் கொதிப்பதுபோல் ஒரு முனகல்.
ராணியை நடுவில் வைத்துப் பந்தாகத் திரண்டு,
சிறகை அசைக்காமல் தசையை மட்டும் நடுக்கி
ஒன்றையொன்று காய்ச்சிக்கொள்ளும்.
வெளி வரிசை மெல்ல உள்ளே நகரும்,
உள் வரிசை வெளியே வரும்.
என் வார்டில் ஷிஃப்ட்
இவ்வளவு ஒழுங்காக மாறியதே இல்லை.

பத்தியின் நாலாவது வரி:
'வசந்தம்வரை கூட்டுக்குள் உறங்கியே கழிக்கின்றன.'
எழுதியவர் எந்தப் பெட்டியிலும் காது வைத்ததில்லை.

நோட்டின் கடைசிப் பக்கம், சிவப்பு மை:
உனக்குத் தெரிந்ததை யாரும் கேட்கவில்லை.
காகிதத்துக்கு என்ன தெரியும் என்றுதான் கேட்கிறார்கள்.

'சரி' என்று எழுதினேன்.
கை நடுங்கியது.
குளிர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முப்பத்தெட்டு:
வெகுதூரம் போன தேனீ தவறாமல் திரும்பிவிடும்.
மூன்று தடவை தேடினேன்.
போகிறது என்று இருக்கிறது.
எத்தனை கிலோமீட்டர் என்றும் இருக்கிறது.
திரும்புவது பற்றி ஒரு வார்த்தை இல்லை.
மூன்றாவது கட்டத்தை நிரப்பினேன்,
அழுத்தி, பென்சில் முனை ஒடியும்வரை.

வெளியே ஜூராப் காரை அணைக்காமல் காத்திருந்தான்.
"என்ன கேட்டார்கள்?"
"தேனீ பற்றி."
ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தான்:
"அப்புறமென்ன, நூற்றுக்கு நூறு!"

ஹீட்டர் சூட்டில் விரல் வீங்கியிருந்தது.
மோதிரம் பாதியிலேயே நின்றுவிட்டது.