இரண்டு மில்லிமீற்றர்

பரந்தன் சந்தியில் பெற்றோல் அடிக்கையில் ஆறே முக்கால்.
மண் துளைக்கிற கம்பி எந்தப் பையிலும் அடங்காது.
அன்ரனிற்றா அதைத் தோளில் சாய்த்துப் பின்னால் இருக்கிறாள்.
மறித்து, என்ன இது என்கிறான் காவலில் நிற்கிறவன்.
போன கிழமையும் கேட்டவன்தான்.
மண் எடுக்கிற சாமான். போன கிழமையும் சொன்னேன்.

விசுவமடு. பஞ்சலிங்கத்தாரின் கச்சான் தோட்டம்.
பதினைந்து சென்ரிமீற்றர், பிறகு முப்பது.
பைக்குள் ஒரு துண்டு, வெளியில் ஒரு துண்டு,
பென்சிலால் மட்டும்; பேனை வியர்வைக்கு அழியும்.
"குருத்து ஏன் பிள்ளை வெளிறுது?"
தெரியாது ஐயா.
இத்தனை வருசம் படித்து
நான் ஆகக்கூடுதலாய்ச் சொல்கிற சொல் அதுதான்.

அறிவியல் நகருக்குத் திரும்ப வெயில் ஏறிவிட்டது.
மிச்சப் பகல் போத்தல் கழுவல்:
குழாய்த் தண்ணீரில் மூன்றுதரம், வடித்த தண்ணீரில் மூன்றுதரம்.
தராசு காற்றுக்குப் பயந்தது,
மின்விசிறியை நிற்பாட்டி மூச்சையும் பிடித்தால்தான்
நாலாம் தசமம் அசையாமல் நிற்கும்.
மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
நூற்றைந்து பாகையில் கிடந்த தட்டுகள் ஆறத் தொடங்க
அன்ரனிற்றா தூசணம் ஒன்று சொல்லி, சிலுவை போட்டாள்.
இருபத்துநாலு மணித்தியாலம், முதலிலிருந்து.

கரண்ட் இல்லாமல் செய்யக்கூடியது அரிப்பது.
போன கிழமை எடுத்து நிழலில் உலர்த்தின, அதே தோட்டத்து மண்.
அரிதட்டின் கண் இரண்டு மில்லிமீற்றர்.
கீழே விழுவதுதான் மண்;
மேலே நிற்பதை நிறுத்து எழுதிவிட்டு எறியலாம்.
அப்படித்தான் முறை.
மேலே நின்றவை: சரளை, கச்சான் கோது, நத்தை ஓடு,
நாலு துளையோடு ஒரு சட்டைப் பொத்தான்,
துருவேறிய இரும்புச் சிராய்கள் பதினொன்று.

பின்னேரம் கரண்ட் வந்தது. பீஎச் எட்டு தசம் மூன்று.
இரும்பு இருந்தால் சிவக்க வேண்டிய கரைசல்
வெளிறினபடி நின்றது.
என் கைப் பிழையோ என்று இன்னொருதரம். அதே.
காரம் கூடின மண் இரும்பைப் பூட்டி வைத்திருக்கும்,
வேர் எவ்வளவு கேட்டாலும் கொடாது.

பஞ்சலிங்கத்தாருக்கு எடுத்தேன்.
"ஐயா, உங்கட மண்ணில கச்சானுக்கு இரும்புச்சத்துக் காணாது."
மறுமுனையில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு சிரிப்பு. நிற்பாட்ட முடியாமல்,
இருமலில் போய் முடிந்த சிரிப்பு.
"இரும்போ? என்ர காணியிலயோ?"

எத்தனை கிராம், எவ்வளவு தண்ணிக்கு,
காலமை தெளிக்கிறதோ பின்னேரமோ, எல்லாம் சொல்லி வைத்தேன்.
பதிவேட்டில் பருங்கூறு என்ற பெட்டிக்குள் வீதம் எழுதினேன்.
பொத்தானுக்கு அதில் பெட்டி இல்லை.
எறியவும் இல்லை.
கனலடுப்பின் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று
இரண்டுதரம் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டினேன்.